ஏசியை மாற்றும் முன் மேற்குக் கண்ணாடியைப் பாருங்கள்

வணக்கம். சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே அலுவலகம், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, மதியம் 2 மணிக்கு மேல் ஏசி எடுபடவில்லை, பழைய ஸ்பிளிட் ஏசிகளைக் கழற்றிவிட்டுக் கூடுதல் டன்னில் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியே தள்ள மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் அந்தக் கண்ணாடி. மேற்கு வெயில் தாழ்வாக வந்து நேராக அடிக்கும். மேலே நீட்டிய சன்ஷேட் மட்டும் அதைத் தடுக்காது. உள்ளே திரை போட்டாலும் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். கட்டட உரிமையாளர் சம்மதித்தால் வெளிப்புறம் செங்குத்துத் தடுப்புகளோ ஜாலியோ (துளைகள் உள்ள தடுப்பு) வையுங்கள், அதுதான் சிறந்தது. இல்லையென்றால் கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாம். வெப்பத்தை உறிஞ்சும் கறுப்பு ஃபிலிம் மட்டும் வேண்டாம், சாதாரணக் கண்ணாடி சூடேறி விரிசல் விடக்கூடும்.

அப்புறம் மொட்டைமாடி. ஒழுகலைச் சரிசெய்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும். கோடைக்கு முன் கழுவிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் வெப்பச் சுமையை, அதாவது ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவை, கணக்கிட்டு ஏசி அளவைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையைச் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரப்பதம் போகாது. சென்னையில் அந்தப் பிசுபிசுப்புதான் பெரிய தொல்லை. சீலிங் ஃபேனைக் கழற்றிவிடாதீர்கள். அது சுற்றினால் 26 டிகிரியே போதும்.