ஊரை விட்டுப் போகிறவர்கள்: கேள்வி பதில்

மக்கள்தொகைக் கணக்கு என் துறை. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போவது பற்றி வந்த கேள்விகளில் என் துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒரே பதில்தான்.

பகல்நிலா: நகரத்திலும் வேலை இல்லை, இருக்க இடமும் இல்லை என்று தெரிந்தே ஏன் போகிறார்கள்?

நல்ல கேள்வி. பொருளியலாளர்களையே ரொம்ப நாள் குழப்பிய கேள்வி இது. 1954-ல் ஆர்தர் லூயிஸ் எழுதிய கட்டுரைதான் பழைய சட்டகம்: விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறார்கள், தொழிற்சாலை கொஞ்சம் கூடுதல் கூலி கொடுத்தால் அங்கே நகர்ந்துவிடுவார்கள். இதன்படி பார்த்தால் நகரத்தில் வேலை தீர்ந்ததும் வரத்தும் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

கென்யாவில் 1964-ல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சங்கங்கள் கூலி உயர்வு கேட்காது, பதிலுக்கு அரசும் முதலாளிகளும் கூடுதலாக ஆள் எடுப்பார்கள். வேலையில்லாதவர் எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வேலை கிடைக்கிறதாம் என்ற சேதி கிராமங்களுக்குப் போனதும், எடுத்த ஆளைவிட வந்த ஆள் அதிகமாகிவிட்டது. இதை விளக்கித்தான் ஹாரிஸும் டொடாரோவும் 1970-ல் எழுதினார்கள். நகரக் கூலி ஊர்க் கூலியைப்போல் மூன்று மடங்கு, வேலை கிடைக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வையுங்கள். சராசரியாக ஒன்றரை மடங்கு தேறுகிறது. பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தும் போவதில் கணக்குப் பிசகு எதுவும் இல்லை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. முடிவு எடுப்பது தனி ஆள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் முடிவு எடுப்பது வீடு. மூன்று பிள்ளைகளில் ஒருவன் போவான், ஒருவன் நிலத்தைப் பார்ப்பான், ஒருத்தி படிப்பாள். மழை பொய்த்தால் நகரத்துப் பணம் வரும். நகரத்தில் வேலை போனால் ஊரில் சாப்பாடு இருக்கும். 1980-களில் ஓடெட் ஸ்டார்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கோணத்தைத் திறந்துவிட்டார்கள். ‘ஏன் போனான்’ என்று கேட்பவர்கள் ‘யார் அனுப்பினார்கள்’ என்றும் கேட்டுப் பாருங்கள், பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

கணக்குப்பிள்ளை: உலகத்தில் பாதிக்கு மேல் நகரத்தில் இருக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் பாதிப் பேர் கிராமத்திலிருந்து வந்தவர்களா?

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் கத்துவேன். நகரம் பெருப்பது வேறு, ஆள் வந்து சேர்வது வேறு. தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள்.

ஐ.நா. கணக்குப்படி 1950-ல் உலக மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் நகரவாசிகள். 2007 வாக்கில் பாதியைத் தாண்டியது. 2018-ல் 55 சதவீதம். இந்த வளர்ச்சி மூன்று வழியில் நடக்கிறது. நகரத்திலேயே பிள்ளைகள் பிறப்பது ஒன்று. வளரும் நாடுகள் பலவற்றில் பாதிக்கு மேல் இதுதான். வெளியிலிருந்து வருவது இன்னொன்று. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை: ஆள் இருந்த இடத்திலேயே இருக்க, அந்த இடம் நகரமாகிவிடுவது.

இந்தியாவில் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் முக்கால்வாசி விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்றும் பொருந்தினால், பஞ்சாயத்தாகவே இருந்தாலும் அந்த ஊரைக் கணக்கெடுப்பு நகரமாகத்தான் எழுதும். ‘கணக்கெடுப்பு நகரம்’ என்றே அதற்குப் பெயர். 2001-ல் அப்படிப்பட்ட ஊர்கள் 1,362. 2011-ல் 3,800-ஐத் தாண்டிவிட்டது. அங்கே இருந்தவர்களில் பலர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நகரவாசி ஆனவர்கள்.

தேர்வுக்காரன்: தள்ளும் காரணிகள் ஐந்து, ஈர்க்கும் காரணிகள் ஐந்து, பட்டியலாக வேண்டும். நாளை தேர்வு.

பாடப்புத்தகத்தில் இருக்கும். வாழ்த்துகள்.

அஞ்சறைப்பெட்டி: எல்லாரும் ‘அவன் போனான், அவன் வந்தான்’ என்றே எழுதுகிறார்கள். பெண்கள் கணக்கிலேயே இல்லையா?

கணக்கில் இருக்கிறார்கள், கட்டுரைகளில்தான் காணோம். ரேவன்ஸ்டைன் என்பவர் பிரிட்டனின் 1881 கணக்கெடுப்பை வைத்து 1885-லேயே எழுதிவிட்டார்: குறுகிய தூரத்துக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள் என்று. இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. அதில் மிகப் பெரிய காரணம் வேலையே இல்லை, கல்யாணம். அதுவும் பெரும்பாலும் கிராமத்திலிருந்து கிராமத்துக்கு. ‘45 கோடிப் பேர் பிழைப்புத் தேடி அலைகிறார்கள்’ என்று யாராவது எழுதினால் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

கல்யாணம் என்றால் பொருளாதாரம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் இருவரும் 1989-ல் தென்னிந்தியக் கிராமங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருமானம் அதிகம் ஏறி இறங்கும் குடும்பங்கள் பெண்ணைத் தூரத்து ஊரில் கொடுக்கும் போக்கு அதில் தெரிந்தது. தூரத்து ஊர் என்றால் இரண்டு ஊரிலும் ஒரே வருஷம் மழை பொய்ப்பது அபூர்வம், சம்பந்தி வீடு கைகொடுக்கும்.

அப்புறம், ஆண் வெளியே போன வீட்டில் நிலத்து வேலை முழுக்கப் பெண் தலையில் விழுகிறது. விதைப்பதும் களை எடுப்பதும் கூலிக்கு ஆள் பிடிப்பதும் அவள். பட்டா மட்டும் நகரத்தில் இருப்பவர் பேரில். பயிர்க்கடன் வாங்கப் போனால் அவர் கையெழுத்து கேட்பார்கள். பணம் அனுப்புவதால் வரும் நன்மையை எழுதுகிறவர்கள் இந்தக் கையெழுத்தையும் எழுதலாம்.

மேற்குக்காற்று: கிராமத்துக்குச் சாலை, மின்சாரம், வேலை எல்லாம் கொடுத்துவிட்டால் யாரும் போகமாட்டார்கள் அல்லவா?

கேட்க நன்றாக இருக்கிறது. சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதற்கு உறுதியான ஆய்வு இருக்கிறது. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை ஆஷர், நொவோசாட் என்ற இருவர் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். சாலை வந்த ஊர்களில் ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளிக்கூலிக்குப் போனார்கள். பயிரிலும் வருமானத்திலும் பெரிய மாற்றம் இல்லை. ஊரின் மக்கள்தொகையும் குறையவில்லை. காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். சாலை ஆளை வயலிலிருந்து எடுத்தது, வீட்டிலிருந்து எடுக்கவில்லை. இதை இடம்பெயர்வு என்பீர்களா, இல்லையா? கணக்கெடுப்பு ‘இல்லை’ என்கிறது.

ஒற்றைப்பனை: சாலையை விடுங்கள். நூறு நாள் வேலை கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்கி ஊரிலேயே உட்கார வைத்ததுதான் நடந்தது. அதை ஏன் சொல்லவில்லை?

கேட்காததால் சொல்லவில்லை. சரி, சொல்கிறேன். 2005-ல் வந்த சட்டம் அது. அதன் விளைவை ஆராய்ந்த இம்பேர்ட், பாப் இருவரும், ஊரில் வேலை கிடைத்தபோது சில மாத வேலைக்காக வெளியூர் போய்த் திரும்புவது குறைந்தது என்று கண்டார்கள். அதாவது நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் ஊரில் கிடைத்தது நகரத்தில் கிடைப்பதைவிடக் குறைந்த கூலி. இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சோம்பேறித்தனம் என்று முத்திரை குத்துவதற்கு முன், அதிகக் கூலியை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

நாலு மாதக் கட்டட வேலை என்றால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கட்டுகிற இடத்திலேயே தகரக் கொட்டகை. சிமெண்ட் கலக்கும் தொட்டித் தண்ணீரில்தான் குளியல். குடும்பத்தோடு போனால் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும். திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் கழியும்வரை கிளம்பவும் முடியாது. இதையெல்லாம் கழித்தால் அந்த ‘அதிகக் கூலி’யில் என்ன மிஞ்சும்?

ஒற்றைப்பனை: அப்படியானால் நகரம் நரகம், ஊரே சொர்க்கம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

மேற்குக்காற்று: நண்பரே, அவர் அப்படியா சொன்னார்? ஊரிலேயே கிடந்து பட்டினி கிடப்பவர்களைப் பார்த்ததில்லையா?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மேற்குக்காற்று சொல்வதற்கும் சான்று இருக்கிறது. வங்கதேசத்தில் ரங்பூர் பகுதியில் நெல் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலையே இருக்காது. ‘மொங்கா’ என்று அந்தப் பசிக்காலத்துக்குத் தனிப் பெயரே உண்டு. 2008-ல் ஆய்வாளர்கள் சில குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டணம் அளவுக்கு, எட்டரை டாலர், கொடுத்து ‘வெளியூர் போய் வேலை தேடிப் பாருங்கள்’ என்றார்கள். இதனால் கூடுதலாக 22 சதவீதக் குடும்பங்கள் ஒருவரை அனுப்பின. ஊரில் இருந்தவர்களின் சாப்பாடு கூடியது. அடுத்த வருஷம் பணம் தராமலேயே பலர் போனார்கள்.

போனால் லாபம் என்றால் முன்பே ஏன் போகவில்லை? போய் வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பேருந்துக் காசும் போச்சு. பட்டினியின் விளிம்பில் இருப்பவருக்கு அந்த ஒரு நஷ்டமே தாங்காது. ஆக, ஊரில் இருப்பவர் எல்லாரும் ஊர் பிடித்து இருப்பவர் இல்லை, ஒற்றைப்பனை. போக வக்கில்லாமல் இருப்பவரும் உண்டு.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அதே திட்டத்தைப் பெரிய அளவில் விரித்தபோது 2017-ல் பலன் தெரியவில்லை. கூடுதலாக யாரும் போகவில்லை. 2019-ல் மூடிவிட்டார்கள். ஒரு வட்டாரத்து முடிவை எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் ஒட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒற்றைப்பனை: அப்போது உங்களுக்கே ஒரு முடிவும் இல்லை.

உண்டு. போகவும் முடிய வேண்டும், இருக்கவும் முடிய வேண்டும். ஒன்றை அடைத்தால் இன்னொன்றுக்கு ‘விருப்பம்’ என்ற பெயர் பொருந்தாது. இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

இடம்பெயர்வைத் தடுக்க என்ன வழி? (இதை மூன்று பேர் வேறுவேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள்)

தடுத்துப் பார்த்தவர்கள் பட்டியல் நீளம். 1970-ல் ஜகார்த்தா ஆளுநர் நகரத்தை ‘மூடிய நகரம்’ என்றே அறிவித்தார். வேலைக்கும் வீட்டுக்கும் சான்று காட்ட வேண்டும், திரும்பிப் போகும் செலவை முன்பணமாகக் கட்ட வேண்டும். 1971-ல் 45 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1980-ல் 65 லட்சம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் இருந்தால் சிறை. 1986-ல் அந்தச் சட்டத்தையே எடுத்தார்கள். சீனாவின் குடும்பப் பதிவு முறை 1958-லிருந்து இருக்கிறது. அங்கே இன்று கிராமப் பதிவோடு ஊருக்கு வெளியிலோ உள்ளூர் ஆலையிலோ உழைப்பவர்கள் கிட்டத்தட்ட 30 கோடி. வேலைக்கு வந்தார்கள், பதிவு மட்டும் வரவில்லை. நகரப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் கோடிக்கணக்கில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

ஆளைத் தடுக்க முடியாது. வந்த ஆளின் உரிமையைத்தான் தடுக்க முடியும்.

உப்புக்காற்று: நகரத்துக்குப் போனால் ஆயுள் குறையும் என்கிறார்கள். உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. 1842-ல் இங்கிலாந்தில் சாட்விக் என்ற அதிகாரி கொடுத்த அறிக்கையில் மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்துத் தொழிலாளர்களுக்கு 38. மான்செஸ்டர் கனவான்களுக்கும் அதே 38தான். நகரத்துப் பணக்காரரும் கிராமத்துக் கூலிக்காரரும் ஒரே அளவு. (17 என்பதை எல்லாரும் 17-ல் செத்தார்கள் என்று படிக்காதீர்கள். குழந்தைச் சாவு அவ்வளவு அதிகம், கூடவே மான்செஸ்டரில் இளையவர்களும் அதிகம்.) சுத்தமான குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் வந்த பிறகு நிலைமை புரண்டது. இன்று பெரும்பாலான நாடுகளில் நகரச் சராசரி கிராமத்தைவிட மேல். ஆனால் சராசரிக்குள் குடிசைப் பகுதி ஒளிந்துகொள்ளும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காதவரை நம்ப வேண்டாம்.

பகல்நிலா: காலநிலை மாற்றத்தால் கோடிக்கணக்கானோர் நகரத்துக்கு ஓடி வருவார்களாமே?

உலக வங்கியின் 2021 அறிக்கை, மோசமான நிலையில் 2050-க்குள் 21.6 கோடிப் பேர் வரை சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயரலாம் என்கிறது. ‘வரை’ என்ற சொல்லைச் செய்தியாளர்கள் விழுங்கிவிடுகிறார்கள். கடும் வறட்சியில் மிக ஏழைகள் போவது சில இடங்களில் குறையவே செய்கிறது. காரணம் மேலே ரங்பூரில் இருக்கிறது.

புதுமனை: நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் மனை வாங்கலாமா?

என் துறை இல்லை. பத்திரம் பார்க்கத் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

நெடுஞ்சாலை: கிராம மக்கள் நகரத்துக்கு வருவதைத் தடுக்க அரசு என்ன செய்ய வேண்டும்?

மேலே ஜகார்த்தா.

கணக்குப்பிள்ளை: கடைசியாக ஒன்று. போனவர்கள் திரும்பி வருவார்களா?

நிறையப் பேர் வருகிறார்கள், நாம் எண்ணுவதில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பதும் ரேவன்ஸ்டைன் சொன்னதே. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில், இடையில் சில மாதம் போய்த் திரும்பியவர் பெரும்பாலும் போகாதவர்போலவே தெரிவார். 2020 ஊரடங்கில் இந்தியச் சாலைகளில் நடந்தவர்களைப் பார்த்து நாடே திகைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களில் பலர் எந்த நகரத்துப் பட்டியலிலும் இல்லை. அடுத்த சில மாதங்களில் பெரும் பகுதியினர் மறுபடி நகரத்துக்கே போனார்கள்.

நிரந்தரமாகத் திரும்புவது வேறு கதை. ஜப்பானில் 2023 கணக்கின்படி ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். நகரங்களிலும் உண்டு என்றாலும் மலைக்கிராமங்களில் நிலைமை மோசம். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றன. வீடு இருந்து பயனில்லை. பள்ளி மூடியிருக்கும், மருத்துவர் இருக்கமாட்டார், பேருந்து நின்றிருக்கும். வயதானவர் திரும்பலாம். பிள்ளை வைத்திருப்பவர் முதலில் பார்ப்பது அந்தப் பள்ளியைத்தான்.

மீதிக் கேள்விகளில் ஒன்பது ‘தடுக்க என்ன வழி’. அவற்றுக்கும் ஜகார்த்தாதான்.