காலிக் குழாய்ச் சண்டை

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு தத்துவப் பேராசிரியர், 17ஆம் நூற்றாண்டுக்காரர்கள் 'வெளி' (space) என்பதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறாராம். இயற்பியல் எப்போதோ முடித்துவிட்ட கணக்கைச் சம்பளம் கொடுத்துத் திரும்பப் போடச் சொல்வானேன்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முடித்துவிட்டதாக யார் சொன்னது? அவர் எழுதுவதைப் பத்துப் பேராவது படிக்கிறார்களா என்று கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

1644இல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி ஒரு கடிதத்தில் தன் சோதனையை விவரித்தார். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினால், அது சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். மேலே கொஞ்சம் இடம் காலி. அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றார் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல். கண்ணாடியின் நுண்துளை வழியே புகுந்த நுண்பொருள் என்றார் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த். நீள அகலம் இருந்தால் அங்கே பொருளும் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. பாஸ்கலின் மண்டைக்குள்தான் வெற்றிடம் கொஞ்சம் அதிகம் என்று 1647இல் ஒரு கடிதத்தில் கிண்டலும் அடித்தார்.

மறுவருடம் பாஸ்கலின் அக்காள் கணவர் குழாயைத் தூக்கிக்கொண்டு பிரான்சில் உள்ள பூய் த டோம் மலை ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. மேலே போகப் போக அழுத்தும் காற்று குறைகிறது; ஆக, குழாயில் பாதரசத்தைத் தாங்குவது வெளிக்காற்றின் எடைதான், சரி. அதைத் தெகார்த்தும் மறுக்கவில்லையே! குழாயின் மேல்பகுதி காலியா இல்லையா என்பதற்கு மலை பதில் சொல்லவில்லை. 'காலி' என்றால் என்ன அர்த்தம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமே. உங்கள் பேராசிரியருக்குச் சம்பளம் அதற்குத்தான்.

அப்புறம் நியூட்டன் வந்தார். பொருளே இல்லாவிட்டாலும் வெளி இருக்கும் என்றார். ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் விடவில்லை: வெளி என்பது பொருட்கள் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் ஒழுங்கு, அவ்வளவுதான், பிரபஞ்சத்தையே கடவுள் கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்திருந்தால் என்ன வித்தியாசம் இருந்திருக்கும் என்று மடக்கினார். நியூட்டன் தரப்பில் எழுதியவர் கிளார்க் என்ற பாதிரியார். நடுவில் கடிதங்களைக் கைமாற்றியவர் வேல்ஸ் இளவரசி கரோலின். ஆளுக்கு ஐந்து கடிதம். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறந்துபோனதால் சண்டை நின்றது; தீரவில்லை.

ஐன்ஸ்டைன் 1953இல் ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினார். வெளி என்பது பொருட்களைப் போட்டுவைக்கும் பெட்டியா, பொருட்களின் இட அமைப்பா என்று இதே இரண்டு கட்சிகளையும் அதில் எடுத்துவைத்துப் பேசுகிறார். கணக்கு முடிந்துவிட்டது என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.