மூடி வைத்த லேப்டாப் ஏன் சுடுகிறது?

கேள்வி: இரவில் 90 சதவீதச் சார்ஜோடு லேப்டாப்பை மூடிப் பையில் வைக்கிறேன். காலையில் பை சுடுகிறது, சார்ஜ் 30-க்கு இறங்கியிருக்கிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர். மாற்றத்தான் வேண்டுமா? விண்டோஸ் 11.

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். தேய்ந்த பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். மூடிய லேப்டாப் சுடுகிறதென்றால் உள்ளே புராசசர் விழித்திருக்கிறது. பழைய லேப்டாப்புகளில் எஸ்3 என்றொரு ஆழ்ந்த ஸ்லீப் இருந்தது. புதியவற்றில் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' கொடுத்திருக்கிறார்கள். செல்போன் மாதிரி, திரை அணைந்த பிறகும் மெயில், அப்டேட் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இதற்குப் பெயர் தூக்கமாம்! வாங்குகிறவரை யாரும் கேட்கவில்லை.

உங்களுக்குத் தேவை ஹைபர்னேட். ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும். திறக்கும்போது சில விநாடிகள் கூடுதலாகும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் இடப்பக்கம் 'சூஸ் வாட் க்ளோசிங் த லிட் டஸ்'. மூடியைப் பற்றிய வரியில் 'ஆன் பேட்டரி', 'ப்ளக்டு இன்' என இரண்டு கட்டங்கள். இரண்டிலுமே ஹைபர்னேட் வைத்து, 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். முதல் கட்டத்தை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். சார்ஜரில் இருக்கும்போதே மூடி, அப்புறம் வயரைப் பிடுங்கினால் இரண்டாவது கட்டம் சொன்னபடி ஸ்லீப்பிலேயே கிடக்கும், பைக்குள் சுடும்.

பட்டியலில் ஹைபர்னேட்டே இல்லையா? கட்டளை எழுதும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' எழுதி அதோடு ஒட்டியே சி, எஃப், ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு (/), ஹெச், இடைவெளி, 'ஆன்'. என்டர். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி எஸ்3-ஐ மீட்கலாம் என்பார்கள். மெஷினோடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அது இல்லாவிட்டால் எதைத் திருத்தியும் வராது.

இனி பேட்டரி. அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் ஹெச், 'ஆன்' இரண்டுக்கும் பதிலாக 'பேட்டரிரிப்போர்ட்' என ஒரே சொல்லாக அடித்தால் ஓர் அறிக்கை வரும். 'டிசைன் கெபாசிட்டி' (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' (இப்போதைய கொள்ளளவு) 41,000 என்றிருந்தால் இன்னும் 82 சதவீதம் மிச்சம், நல்ல பேட்டரி. இந்த இரண்டு எண்களைப் பார்க்காமலே மாற்றச் சொல்கிறவர் விற்கத்தான் பார்க்கிறார்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு: டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, க்ளிக் இறுகியிருந்தாலோ, தட்டையான மேசையில் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பியிருந்தால், அறிக்கையில் 95 சதவீதம் காட்டினாலும் மாற்றியே ஆக வேண்டும். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள்; அணைத்து அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.