மூடிய சேமிப்புத் தொட்டியின் வென்ட் (காற்றும் ஆவியும் போய்வரும் வழி) அளவைக் கணக்கிட, திரவம் ஆவியாகும் வேகத்தை எப்படி மதிப்பிடுவது?

நவி மும்பையில் உள்ள 500 கன மீட்டர் டொலுயீன் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) தொட்டிக்கு, காற்றின் வேகத்தையும் திரவப் பரப்பையும் கொண்ட திறந்தவெளிச் சூத்திரத்தால் ஆவியாகும் வேகத்தைக் கண்டிருக்கிறீர்கள். அதையே வென்ட் கணக்கில் இடலாமா என்று கேட்கிறீர்கள். இடக் கூடாது. எழும் ஆவியைக் காற்று உடனுக்குடன் அடித்துச் செல்கிறது என்பதே அந்தச் சூத்திரத்தின் அடிப்படை. கூரை மூடிய தொட்டியிலோ ஆவி மேல்வெளியிலேயே தங்குவதால், அது பூரித நிலையை (இனி ஆவி ஏற்காத நிலையை) நெருங்க நெருங்க ஆவியாதல் தானாகவே அடங்கிவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆவியழுத்தம். டொலுயீனுக்கு அது 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 4.9 கிலோபாஸ்கல், 40 டிகிரியில் 7.9. தொட்டி வென்ட்டுகளுக்கான ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) 2000 தரநிலை 5 கிலோபாஸ்கலில் கோடு கிழிக்கிறது: அதற்குட்பட்ட திரவத்துக்கு நிரப்பும் வேகமே வெளியேறும் வேகம், அதைத் தாண்டினால் இரு மடங்கு. நீங்கள் தேடும் ஆவியாதல் அந்த இரட்டிப்பில் அடங்கியிருக்கிறது. தரவுத்தாளில் உச்ச வெப்பநிலையை 30 என்று யாரோ எழுதிவைத்திருந்தால், மே மாத மும்பையை நினைத்து அதை மறுபடி கேளுங்கள். உள்ளே வரும் திரவம் சூடாகவோ கரைந்த வாயுவுடனோ வந்தால் இந்த இரட்டிப்பு போதாது. அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

உச்ச வெப்பநிலை 40 டிகிரி, நிரப்பும் வேகம் மணிக்கு 50 கன மீட்டர், வெப்பக் காப்புறை இல்லை என்று வைத்துக்கொண்டால், நிரப்புவதற்கு 100, வெயிலில் விரிவதற்கு 0.32 பெருக்கல் கொள்ளளவின் 0.9 அடுக்கு, அதாவது 86, ஆக மொத்தம் மணிக்கு 186 கன மீட்டர். (தள்ளப்படும் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 0.28 கிலோ டொலுயீன் போகும். அது மாசுக் கணக்குக்கு உதவும், வால்வின் அளவுக்கு அல்ல.)

உண்மையில் வால்வின் அளவைத் தீர்மானிப்பது இதற்கு எதிர்த்திசையில், அதாவது தொட்டி குளிரும்போது உள்ளே இழுக்கும் காற்றில் இருக்கிறது. ஜூன் மாதத்தில், தொட முடியாதபடி கொதிக்கும் கூரைத் தகட்டின் மீது முதல் மழை கொட்டிய சில நிமிடங்களிலேயே ப்ரீதர் வால்வின் (தொட்டி மூச்சு விட, வாங்க உதவும் வால்வு) வெற்றிடப் பக்கத் தட்டு எழும்பி விழும் ஓசை கீழே நிற்பவருக்குக் கேட்கும். மும்பையின் அட்சரேகைக்கும் 25 டிகிரிக்கு மேற்பட்ட சேமிப்புக்கும் காரணி 6.5, கொள்ளளவின் 0.7 அடுக்கால் பெருக்கினால் 504, வெளியே இறைக்கும் 50-ஐயும் கூட்டினால் 554. வெளிவிடுவதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! பீப்பாய்க்கு மணிக்கு ஒரு கன அடி என்ற பழைய விதிப்படி, குளிர்வதற்கு 89 மட்டுமே வந்திருக்கும். ஏபிஐ 650 தரநிலைப்படி கட்டிய சாதாரண எஃகுத் தொட்டி 25 மில்லிமீட்டர் நீர் உயர அளவு வெற்றிடத்தையே தாங்கும் என்பதால், இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்த முடியாது. மேல்வெளியை நிரப்ப நைட்ரஜன் கொடுத்தாலும் வெற்றிட வால்வைக் குறைக்காதீர்கள். ரெகுலேட்டர் அடைத்துக்கொள்ளும் நாள் மழை நாளாகவும் இருக்கலாம்.

தீ விபத்து நிலையில் மட்டும் ஆவியாகும் வேகம் நேரடியாக வேண்டும். அங்கே உறிஞ்சப்படும் வெப்பத்தை உள்ளுறை வெப்பத்தால் (டொலுயீனுக்குக் கொதிநிலையில் கிலோவுக்குச் சுமார் 360 கிலோஜூல்) வகுத்து, அவசர வென்டைத் தனியாக அளவிடுகிறோம். வால்வு வாங்கும்போது, பட்டியலிலுள்ள பாய்வு எண் ஃப்ளேம் அரெஸ்டரின் (தீச்சுடர் உள்ளே புகாமல் தடுக்கும் கருவி) அழுத்த இழப்பையும் சேர்த்ததுதானா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.