ஊசி போட்டும் கொரோனா ஏன் திரும்ப வருகிறது? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உப்புவெளி: 2021இல் சினோபார்ம் இரண்டு, பிறகு பைசர் ஒன்று போட்டேன். குருதியில் கிருமியை மறிக்கும் பிறபொருளெதிரியின் அளவு இப்ப முந்தியதில் கால்வாசியும் இல்லை. ஊசியின் பலன் போய்விட்டதா?

இல்லை அம்மா. குருதியில் ஓடும் முக்கிய பிறபொருளெதிரியான ஐஜிஜியின் அரைவாசி ஏறக்குறைய 21 நாளில் அழிந்துவிடும். புதிதாகச் சுரக்காவிட்டால், 100 இருந்தது 63 நாளில் 12, 13க்கு வந்து நிற்கும். ஊசி போட்டதும் பெருகும் கலங்கள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் பிறபொருளெதிரியைக் கொட்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை சில கிழமையில் செத்துவிடும். என்பு மச்சையில் குடியேறும் கொஞ்சம்தான் நெடுங்காலம் சுரக்கும். அதனால் அளவு முதலில் மளமளவென்று விழும், பிறகு மெதுவாக இறங்கும். கிருமியை நினைவில் வைத்து, திரும்ப வந்தால் பிறபொருளெதிரி செய்யும் நினைவு பி கலங்களை இந்தச் சோதனை காட்டவே காட்டாது. தொற்று வந்து ஆறு மாதத்தில் அவை முதல் மாதத்தைவிடக் கூடவே இருக்கும். சோதனைக்குக் கொடுத்த காசுதான் வீண்.

கிண்ணியா: நினைவு இருந்தால் ஏன் திரும்பத் தொற்றுகிறது? சின்னமுத்து ஒருக்கா வந்தால் போதும்தானே?

நேரம்தான் வித்தியாசம். சின்னமுத்து காய்ச்சலாக வெளிப்பட 10 தொடக்கம் 14 நாள் எடுக்கும். நினைவுக் கலங்கள் விழித்துப் பெருகச் சில நாள் போதும், ஆகவே அவை முந்திவிடும். கொரோனாவின் ஒமிக்ரோன் திரிபுக்கு மூன்று நாள் காணும். மூக்கில் அதை மறிக்க வேண்டியது சளியிலுள்ள ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி. கையில் போடும் ஊசி அதை அதிகம் கூட்டாது. தொற்றால் வந்த ஐஜிஏயும் மாதங்களில் குறையும். இதற்குள் வைரசு, பிறபொருளெதிரி பிடிக்கும் தன் முள்ளுப் புரதத்தையும் மாற்றிக்கொள்கிறது.

நுரையீரல் கதை வேறு. வைரசு அங்கே இறங்குவதற்குள், தொற்றிய கலங்களை அழிக்கும் டி கலங்கள் வந்துவிடும். அவை பிடிப்பது வைரசின் சின்னத் துண்டுகளை. அவற்றில் பெரும்பாலானவை மாறவில்லை. 2003இல் இதே குடும்பத்து வைரசால் சார்ஸ் வந்தவர்களிடம் 17 வருடத்துக்குப் பிறகும் டி கலங்கள் இருந்தன.

மூதூர்: மகளுக்குத் தொண்டை நோவு. அன்டிஜன் சோதனையில் ஒரு கோடுதான். உம்மம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

இன்று வேண்டாம். நினைவுள்ள உடம்பு, வைரசு உச்சத்துக்கு வருமுன்னமே நோவைக் காட்டிவிடும். 48 மணித்தியாலம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பாருங்கள். இரண்டாவது கோடு மெல்லியதாகத் தெரிந்தாலும் தொற்றுத்தான்.

தம்பலகாமம்: அப்பாவுக்கு 72, சீனி வருத்தமும் உண்டு. போன மாதம் கொரோனா வந்து சுகம். உடனே பூஸ்டர் போடலாமா?

மூன்று மாதம் விடுங்கள். இப்போது நிறைய இருக்கும் பிறபொருளெதிரி, ஊசி காட்டும் புரதத்தை மூடிவிடும். கிடைக்கும் லாபம் குறைவு.

நிலாவெளி: மூட்டுவாதத்துக்கு ரிட்டுக்சிமாப் ஏற்றுகிறேன். ஊசி எப்போது?

அந்த மருந்து பி கலங்களையே துடைத்துவிடும், பிறபொருளெதிரி உருவாகாது. கடைசியாக ஏற்றி ஆறு மாதமளவில், அடுத்ததற்கு 2 தொடக்கம் 4 கிழமை முன் போடுவது வழக்கம். திகதியைக் கிளினிக் டொக்டரிடம் கேட்டுக் குறியுங்கள். நீங்களாக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். பிந்திப் போனாலும் டி கலங்கள் உருவாகும், அதற்காகவாவது போடுங்கள்.