இனிப்பு முடிஞ்சப்புறம்தான் டீ

வணக்கம் அக்கா,

நான் மூணு வருஷமா ஒசாகாவுல சாஃப்ட்வேர் வேலைல இருக்கேன். நீங்க கியோத்தோவுல இருந்தப்ப ஜப்பான் இனிப்பு பண்ண கத்துக்கிட்டேன்னு எப்பவோ ஒரு பதிவுல ரெண்டு வரி எழுதியிருந்தீங்க, அத நம்பித்தான் மாட்டிக்கிட்டேன். அம்மா மன்னார்குடிலேர்ந்து வந்திருக்காங்க, ஜூலை முதல் வாரம் வரைக்கும் இருப்பாங்க. மே மாசம் அவங்கள கியோத்தோ கூட்டிட்டுப் போயி ஒரு மணி நேர கிளாஸ் ஒண்ணுல சேர்ந்தோம். ஆளுக்கு ரெண்டு இனிப்பு நம்ம கையாலயே பண்ணணும், அப்புறம் டீ செரிமனி, அதான் அவங்க முறைப்படி டீ கலந்து குடுக்கறது. நான் ஒரு ஊதா பூ பண்ணேன், போட்டோல சூப்பரா இருந்துச்சு. ஆனா டீய ஒரு வாய் குடிச்சுட்டு, அகத்திக்கீரை வேகவச்ச தண்ணி மாதிரி இருக்கேன்னு இனிப்ப ஒரு கடி, மறுபடி டீன்னு எப்படியோ முடிச்சேன். கால் மரத்துப்போயி எந்திரிக்கவே முடியல. அம்மா, "இது சுழியத்துக்கு உள்ள வைக்கிற பூரணம்தானடா, இதுக்கா இவ்ளோ காசு"ன்னுட்டாங்க. இப்ப ஆபீஸ்ல ஒரு ஜப்பான்காரம்மா, அவங்க டீ கத்துக்கிற டீச்சர் வீட்டுக்கு என்னைய கூப்பிடுறாங்க. போகவா வேணாமா? இதுல அப்படி என்னதான்க்கா இருக்கு? அப்புறம் இதெல்லாம் சைவம்தானான்னு அம்மா கேக்க சொன்னாங்க.

பேரு போட வேணாம்,
ஒசாகா வாசகன்

*

தம்பிக்கு,

முதல்ல அம்மாவுக்கு ஒரு சபாஷ். நான் ஆறு மாசம் கழிச்சு புரிஞ்சுக்கிட்டத அவங்க ஒரே வாயில கண்டுபிடிச்சிருக்காங்க. அது பூரணமேதான். அங்க அதுக்கு "அன்"னு பேரு, பயறையும் சக்கரையையும் சேத்து கிண்டினது, இந்த இனிப்புல பாதிக்கு மேல அதுதான், மேல இருக்குற பூவு இலை எல்லாம் அப்புறம் வர்ற அலங்காரம். நீங்க போன கிளாஸ்ல என்ன நடந்திருக்கும்னு என்னால அப்படியே சொல்ல முடியும், கலர் போட்டு பிசைஞ்ச உருண்டை ஒண்ணு, உள்ள வைக்க கருப்பு உருண்டை ஒண்ணு, ரெண்டையும் தட்டுல ரெடியா வச்சிருப்பாங்க, நீங்க மூடி உருட்டி மரக்குச்சியால கோடு போட்டிருப்பீங்க. பூரணம் கிண்டி மாவும் பிசைஞ்சு கையில குடுத்து "வாங்க, கொழுக்கட்டை சொப்பு பிடிங்க"ன்னு சொன்னா எப்படியோ அப்படி. தப்பு ஒண்ணும் இல்ல, ஒரு மணி நேரத்துல வேற என்ன பண்ண முடியும். ஆனா அதுதான் ஜப்பான் இனிப்பு பண்ற வேலைன்னு நினைச்சுட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

நானும் அப்படி நினைச்சுத்தான் போனேன். எனக்கு சொல்லிக்குடுத்தவங்க எழுபது தாண்டின ஒரு பாட்டி, அந்தக் காலத்துல இனிப்புக்கடை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவங்க. முதல் ரெண்டு மாசம் பூவே கிடையாது, வெறும் பயறு. அசுகின்னு சின்னதா செவப்பா இருக்கும், நம்ம காராமணிக்கு சொந்தம். அத ஊற வைக்க வேண்டாம், நேரா கொதிக்க விட்டு முதல் தண்ணிய கீழ கொட்டிடணும், துவர்ப்பு அதோட போயிடும். அப்புறம் சின்னத் தீயில கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவுல வச்சு நசுக்கினா நசுங்குற வரைக்கும் வேகணும். ஏன் சுண்டுவிரல்னு கேட்டேன், அதுக்குத்தான் பலம் கம்மி, அதாலயே நசுங்குச்சுன்னா வெந்துருச்சுன்னு அர்த்தம்னாங்க.

தோலோட அப்படியே கிண்டினா த்சுபுஅன். தோல் இல்லாம வழவழன்னு வேணும்னா கோஷிஅன், அங்கதான் வேலையே. வெந்த பயறை சல்லடைல தேய்ச்சு தண்ணில இறக்கினா பாத்திரம் பூரா செம்மண் கரைச்ச மாதிரி ஆயிடும். கலக்காம விட்டுடணும். கொஞ்ச நேரத்துல அடில சேறு மாதிரி படியும், மேல தண்ணி தெளியும், தெளிஞ்சத சாய்ச்சு ஊத்திட்டு புதுத்தண்ணி விட்டு மறுபடி காத்திருக்கணும், இப்படி ரெண்டு மூணு தடவை. அப்புறம் துணில கட்டி முறுக்கிப் பிழிஞ்சா உள்ள மிஞ்சுறது ஈரமான புட்டு மாவு மாதிரி உதிரி உதிரியா இருக்கும், வாயில போட்டா ஒரு ருசியும் இருக்காது. அத சக்கரையோட அடுப்புல ஏத்தினா அடங்கியிருந்தது அப்பத்தான் பேய் மாதிரி கொதிக்கும், சொட்டு சொட்டா கை மேல தெறிக்கும், என் முழங்கைல ஒரு தழும்பு இன்னும் இருக்கு. ஒரு நாள் போன் வந்துச்சுன்னு ரெண்டு நிமிஷம் நகந்தேன், அடி பிடிச்சுருச்சு. லேசாத்தானே, மேலாக எடுத்துக்கலாமேன்னு பாத்தேன், பாட்டி ஒரு வார்த்தை திட்டல, மொத்தத்தையும் கொட்டிட்டு அதே பாத்திரத்த தேய்ச்சு வச்சு புதுப் பயறு அளந்து குடுத்தாங்க. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

இப்ப உங்க அகத்திக்கீரை தண்ணிக்கு வரேன். தம்பி, வரிசைய மாத்திட்டீங்க. நாம டீல பிஸ்கட் தொட்டு சாப்பிட்டு வளந்தவங்க, ரெண்டும் மாத்தி மாத்தி வரணும்னு கை தானா போகும், எனக்கும் போச்சு, பக்கத்துல இருந்த ஒரு ஜப்பான்காரம்மா பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாங்க. அங்க இனிப்ப முழுசா முடிச்சுடணும், டீ வர்றதுக்குள்ள தட்டு காலியா இருக்கணும், அந்த இனிப்பு நாக்குல அடங்கிட்டு இருக்குறப்பதான் டீ வரும். சக்கரையும் பாலும் டீல இல்லியே, அதோட பங்கு முன்னாடியே உங்க வாய்க்குள்ள போயாச்சு. அதனாலதான் அந்த இனிப்புல நெய்யும் கிடையாது, பாலும் கிடையாது. நம்ம மைசூர்பாகு ஒரு துண்டு போட்டுட்டு இந்த டீய குடிச்சுப் பாத்திருக்கேன், நெய் நாக்குல படிஞ்சுக்கிட்டு டீய உள்ளயே விடல, பச்சைத் தண்ணி குடிச்ச மாதிரி இருந்துச்சு. பயறு இனிப்பு கரைஞ்சு வழிவிட்டுட்டுப் போயிடும். அத தனியா சாப்பிட்டு லட்டோட ஒப்பிடுறது, ரசத்த சோறு இல்லாம குடிச்சுட்டு சாப்பாடு எங்கடான்னு தேடுற கதைதான்.

அந்த டீக்கு மச்சான்னு பேரு, பச்சைத் தேயிலைய அரைச்ச பொடி, அதுவும் வெறும் கசப்பு இல்ல. அந்தச் செடிய பறிக்கிறதுக்கு முன்னாடி மூணு வாரம் போல நிழல்பந்தல் போட்டு மூடி வைப்பாங்க, கசப்பு குறைஞ்சு இலைக்கு ஒரு ஆழமான ருசி வரும். ரெண்டு கிராம் பொடிக்கு எழுபது மில்லி தண்ணி, எண்பது டிகிரிக்கு ஆறினது. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கீரைத்தண்ணிதான்.

அந்த ஊதா பூவ பத்தி சொல்லியே ஆகணும். மே மாசம், ஊதான்னா அது பெரும்பாலும் ககித்சுபதா, தண்ணி ஓரம் பூக்குற ஐரிஸ். அதே பூவ வச்சு ஒரு இனிப்பு உண்டு, பூவோட பேர சொல்லாம "கராகொரோமோ"ன்னு பேர் வச்சிருப்பாங்க, உடுப்புன்னு அர்த்தம். உடுப்புக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்னா, ஒன்பதாம் நூற்றாண்டுல அரிவாரா நோ நரிஹிரான்னு ஒரு கவிஞர், கியோத்தோவ விட்டு கிழக்க ரொம்ப தூரம் போறார், வழில யாத்சுஹாஷிங்கற இடத்துல இந்தப் பூ கூட்டமா பூத்திருக்கு. கூட இருந்தவங்க அஞ்சு வரில பாட்டு கட்டு, ஒவ்வொரு வரியும் க-கி-த்சு-ப-தான்னு பூவோட பேர்லேர்ந்து ஒவ்வொரு எழுத்துல ஆரம்பிக்கணும்ங்கறாங்க. அவர் கட்டுறார், உடுத்தி உடுத்திப் பழகின துணி மாதிரி எனக்குப் பழகின மனைவி ஊர்ல இருக்கா, நான் இவ்ளோ தூரம் வந்துட்டேனேன்னு. அந்தப் பாட்டோட முதல் வார்த்தைதான் கராகொரோமோ. டீ ரூம்ல விருந்தாளி "இனிப்போட பேர் என்ன"ன்னு கேப்பாங்க, அது ஒரு முறை, பேர சொன்னதும் ஊரவிட்டு வந்தவன் ஒருத்தன் உள்ள வந்து உக்காந்துடுவான். நாலு கோடு போட்ட பயறு உருண்டைதான், மீதிய அந்தப் பேரு பாத்துக்கும். ஒசாகாவுல மூணு வருஷமா தனியா இருக்குற உங்களுக்கு இத நான் விளக்கணுமா.

போகவா வேணாமான்னா, போங்க. கைல மோதிரம், வாட்ச் இருந்தா கழட்டிடுங்க, கிண்ணத்துல கீறல் விழும். சுத்தமான வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுபோயி வாசல்ல மாத்திக்கங்க. கைஷின்னு மடிச்ச காகிதக் கட்டு ஒண்ணு வாங்கிக்கங்க, அதுதான் உங்க தட்டு, சாப்பிட முடியலன்னா அதுலயே மடிச்சு எடுத்துட்டு வரலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இனிப்ப வெட்டுற குச்சிக்கு குரோமோஜின்னு பேரு, அந்த மரத்துலயே செதுக்கினது, ஒரு பக்கம் பட்டைய அப்படியே விட்டிருப்பாங்க, மோந்து பாருங்க.

கால் மரத்துப்போறது எல்லாருக்கும்தான், ஜப்பான்காரங்களுக்கும்தான். நான் ஒரு தடவை எந்திரிக்கிறேன்னு தடுமாறி அப்படியே பாய்ல உக்காந்துட்டேன், மானம் போச்சு. முன்னாடியே சொல்லிட்டா சின்ன முக்காலி குடுப்பாங்க. நாற்காலி மேசை போட்டே செய்யற முறையும் இருக்கு, 1872ல கியோத்தோ பொருட்காட்சிக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கன்னு உராசென்கேன்னு பரம்பரையா டீ சொல்லிக்குடுக்கற குடும்பத்து பதினோராவது தலைவர் உண்டாக்கினது. அதனால அம்மாவையும் தைரியமா கூட்டிட்டுப் போகலாம்.

எனக்கு இதுல பிடிக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். டீ கத்துக்கிறதுல ஒவ்வொரு படி ஏற ஏற ஒரு அனுமதிப் பத்திரம் வாங்கணும், ஒவ்வொண்ணுக்கும் காசு, மேல போகப் போக கூடும். இந்த டீ முறைக்கே குருவான சென் நோ ரிக்யூ, பதினாறாம் நூற்றாண்டுக்காரர், ரெண்டு பாய் அளவுல ரூம் கட்டினார், வாசல ரெண்டடி சொச்சம் சதுரமா வச்சார், எவ்ளோ பெரிய சாமுராயா இருந்தாலும் வாள வெளிய வச்சுட்டு குனிஞ்சு தவழ்ந்துதான் உள்ள வரணும். அவர் பேர சொல்லிக்கிட்டு இத்தனை படிக்கட்டான்னு எனக்குத் தோணும். நான் ரெண்டாவது படிலயே நின்னுட்டேன், டீ ஒண்ணும் கசந்துபோகல. அவரோடதுன்னு சொல்ற அந்த ரெண்டு பாய் ரூம் உங்களுக்கும் கியோத்தோவுக்கும் நடுவுல யமசாகி ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு, மியோகிஆன் கோயிலுக்குள்ள. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கித்தான் போகணும், வெளிய நின்னுதான் எட்டிப் பாக்கலாம்.

அம்மா கேட்டதுக்கு பதில். நெரிகிரி (நீங்க பண்ண பூ மாதிரி பிசைஞ்சு பண்றது), யோகான் (அல்வா மாதிரி உறைஞ்ச துண்டு), மோச்சி (அரிசிமாவு உருண்டை) எல்லாம் பெரும்பாலும் பயறு, அரிசி, சக்கரைதான். யோகான உறைய வைக்கிறது கடல்பாசி, ஜெலட்டின் இல்ல. வேடிக்கை என்னன்னா யோகான்னு எழுதற சீன எழுத்துல ஆடு இருக்கு, மூலத்துல அது சீனாவோட ஆட்டுக்கறி சூப்பு, கறி சாப்பிடாத ஜென் துறவிங்க கைல வந்து பயறா மாறிடுச்சு. தொராயாகி (நடுவுல பயறு வச்ச பான்கேக்), கசுதெரா (ஸ்பாஞ்ச் கேக்) ரெண்டுலயும் முட்டை உண்டு, அத மட்டும் தவிர்க்க சொல்லுங்க.

ஜூன் 30 வரப்போகுது. கியோத்தோவுல அன்னிக்கு மினாசுகி சாப்பிடுவாங்க, முக்கோணமா வெட்டின வெள்ளைப் பணியாரம், மேல அசுகி. அந்தக் காலத்துல அரண்மனைக்கு மட்டும்தான் கோடைல பனிக்கட்டி கிடைக்கும், மத்தவங்க அந்தப் பனிக்கட்டி வடிவத்துல இத பண்ணி சாப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அம்மாவுக்கு வாங்கிக் குடுங்க. அதோட சூப்பர்மார்க்கெட்ல 200 கிராம் அசுகி வாங்கி அம்மா கைல குடுத்துடுங்க, முதல் தண்ணிய கொட்ட சொல்லுங்க, பயறு நல்லா வெந்தப்புறம்தான் சக்கரை, முன்னாடியே போட்டா அதுக்கப்புறம் வேகாது, 180 கிராம் போதும், கடைசில உப்பு ஒரு சிட்டிகை. ஏலக்காய் மட்டும் போட விடாதீங்க. போடத்தான் பாப்பாங்க.