முன்னால் வளைந்த கத்திகள் மேல் ஏன் இவ்வளவு மோகம்? நேர்க்கத்தியைவிட நிஜமாகவே உபயோகமா, இல்லை பார்க்க மிரட்டலாக இருப்பது மட்டும்தானா?

கேள்வியைப் பார்த்தால் கூர்க்கா கத்தி ஒன்றை ஆன்லைனில் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அது உங்கள் பாடு. ஆனால் "மிரட்டல் மட்டும்தானா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதில்.

எங்களுக்குக் காங்கயம் பக்கம். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், மாடு, சுற்றிலும் கிளுவை முள்வேலி. வேலி கழிக்கக் கொடுவாள், அதாவது முன்னால் வளைந்த வெட்டரிவாள், இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. ஒருநாள் எங்கள் கொடுவாளைப் பட்டறையில் கொடுத்து, ஆசாரி காய்ச்சித் தட்டித் தந்ததைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் போலீஸ் சோதனை. சாக்கைப் பிரித்ததும் அந்த ஆள் முகமே மாறிவிட்டது.

"எவனைப் போடப் போற?"

"வேலி கழிக்கறதுக்குங்க சார்."

"வேலிக்கு எதுக்கு இத்தனை வளைவு? நேரா ஒரு கத்தி வெச்சுக்க வேண்டியதுதானே?"

உச்சி வெயிலில் நிற்க வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் போனில் பேசிய பிறகுதான் விட்டார்கள். எங்கள் ஊர்க் காவல்தெய்வம் கருப்பராயன் கையிலும் இதேதான் இருக்கிறது, அவரை யாரும் ஓரம் கட்டச் சொன்னதில்லை. சரி, அன்றைக்கு அந்தப் போலீஸ்காரரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

நேர்க்கத்தியால் கிளுவைக் குச்சியை வீசிப் பாருங்கள். குச்சி வளைந்து கொடுத்து, அப்படியே நுனிப் பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும், பட்டை மட்டும் உரிந்து நிற்கும். கொடுவாளில் கூர் வளைவின் உள்பக்கம் இருக்கிறது. குச்சி அந்தக் குழிக்குள் சிக்கினால் வழுக்கப் போக்கிடம் இல்லை, அறுந்தே ஆகவேண்டும். எடையும் மூக்குப் பக்கம், அதாவது வளைந்த நுனிப் பக்கம்தான் இறங்கியிருக்கும், அதனால் வீசிவிட்டால் மீதியை இரும்பே பார்த்துக்கொள்ளும். கூர் முன்னால் சாய்ந்திருப்பதால் மணிக்கட்டை மடக்காமலே வெட்டு சரியாக விழும், பொழுதுக்கும் வெட்டினாலும் கை விட்டுப் போகாது. இதையெல்லாம்விட முக்கியம் அந்த மூக்கு. வெட்டிப் போட்ட வெள்வேல முள்ளைக் கையால் தொட முடியுமா? மூக்கை மாட்டி இழுத்து, முதுகால் ஒரு தள்ளு தள்ளி ஓரம் சேர்ப்போம். நேர்க்கத்தியை வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்டுங்கள், பார்க்கலாம்.

ஆயுதத்திலும் இதே கணக்குதான். கூர்க்கா கத்தியான குக்ரியால் நேபாளத்தில் விறகும் வெட்டுவார்கள், கறியும் நறுக்குவார்கள். நேபாளத்தோடு நடந்த 1814-16 போரில் எதிரே நின்று பட்டுத் தெரிந்துகொண்ட ஆங்கிலேயர்கள், போர் முழுக்க முடிவதற்குள் 1815-லேயே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் இரண்டாயிரம் வருடம் முன்னாலேயே கிரேக்கத்தில் ஜெனோஃபோன் என்ற படைத்தலைவர், குதிரை வீரனுக்கு நேர்வாளைவிட வளைந்த கோபிஸ் வாள்தான் ஏற்றது, உயரத்திலிருந்து கீழே வெட்டுகிறவன் அவன், என்று எழுதி வைத்தார். ஸ்பெயின் பக்கத்துப் பழைய ஐபீரியர்களின் ஃபால்காட்டா வாளும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான்.

உடனே "அரிவாளுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று யாராவது கிளம்புவீர்கள். குத்துவதற்கு நேர்வாள்தான் வசதி, தடி மரத்துக்குக் கோடாலிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஜப்பான் வாளும் வளைவுதானே என்றால், அதில் கூர் வெளிப்பக்கம், அது வேறு கதை. ஊருக்குள் இதைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்குத்து செய்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், யார் வேண்டாம் என்றது? மாடு மேய்க்கிறவனை விடுங்கள்.

இனிமேல் வேலி கழிக்கிற வேலையும் எத்தனை நாளைக்கோ தெரியவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் ஜேசிபியை விட்டு அத்தனை கிளுவையையும் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பி வேலி போட்டார். போட்டவர் பழைய இடத்திலா போட்டார்? இரண்டு பேர் வேலிக்கும் நடுவே மாட்டு வண்டி போகிற இட்டேரி இருந்தது, இப்போது அதில் ஆடு ஓட்டிப் போகவே ஒருக்களித்துத்தான் போகவேண்டும். கேட்டால் "பட்டாவப் பாருங்க மாப்ள" என்கிறார், சொந்தம் வேறு. அளந்து கொடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன், சர்வேயர் இன்னும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இட்டேரி ஆக்கிரமிப்பு விவகாரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.